காற்றைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

போன இதழில் ராமேஸ்வரம் தீவைச் சிறு தொகையில் தனியாகச் சுற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பென்ஷனில் மிச்சம் பிடித்து, ஒரு தோள்பையோடு இந்தக் கரையை இன்னும் சுற்றி வருகிறேன்.

கேள்வி: டீச்சர், எனக்கு 26 வயது. கடலைப் பார்க்காமலே வளர்ந்தவள். முதல் தடவையாகத் தனியாக ராமேஸ்வரம் போக ஆசை. டிசம்பர் லீவில் போ என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியான மாதமா?
(வாசகி, ஈரோடு)

மாதத்துக்கு முன்னால் காற்றைக் கேளுங்கள் அம்மா. அந்தத் தீவில் எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்றுதான். தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி தாண்டித் தீவு முடிகிற அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும், இன்னொன்று சீறும். ஆனால் வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வைகாசி தொடங்கிக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாகக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் வடகடல் எழுந்துகொள்ளும், தெற்கே அமைதியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கரையில் உட்காரலாம், எந்தப் பக்கம் படகு போகும் என்பதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

டிசம்பர் வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் மாவட்டத்துக்கு மழை வருவதே வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் எப்போது என்ன கிளம்பும் என்று சொல்ல முடியாது. தனுஷ்கோடியை அழித்த புயலும் 1964 டிசம்பர் 22, 23 தேதி இரவில் வந்ததுதான். பொங்கல் முடிந்து தை பின்பாதியில் வாருங்கள், இல்லையென்றால் மாசியில். வெயில் உறைக்காது, வாடையும் தணிந்திருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு இருக்கிறது. அந்த மாதங்களில் அங்கே பூநாரைகள் வந்து நிற்கும். பஸ்ஸில் போனால் ஜன்னலோடு கடந்துவிடும், அதனால் அங்கேயே இறங்கிவிடுங்கள். 64 புயலில் தப்பிய கோயில் அது. விபீஷணனுக்கு ராமர் முடிசூட்டிய இடம் என்பது ஐதீகம். கூட்டமில்லாத காலை நேரத்தில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், செலவு செய்து வந்ததற்கு ஈடாகிவிடும்.

கேள்வி: தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்க மறுத்தார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என் மகளும் தனியாகப் பயணம் செய்கிறவள். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லுங்கள்.
(வாசகி, திருநெல்வேலி)

சொல்கிறேன். ரயில் தாமதமாகி இரவு பத்து மணிக்கு மேல்தான் இறங்கினேன். முன்பே போன் செய்து அறை கேட்டிருந்த லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பையன் என் பின்னாலும் பக்கத்திலும் பார்த்தான். "கூட யாரும் வரலையா?" என்றான். இல்லை என்றதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சிங்கிளுக்கு ரூம் கெடையாது மேடம்" என்று சொல்லிவிட்டான். ஆதாரைக் காட்டினேன், ஓய்வூதியர் அட்டையைக் காட்டினேன், எடுபடவில்லை. அடுத்த லாட்ஜிலும் இதே பேச்சு. தலைநரைத்த என்னிடமே இப்படி என்றால் சின்னப் பெண்களின் நிலைமை என்ன என்று அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

தனியாக வருகிறவர்கள் அறையில் தவறான முடிவு எடுத்துவிடுவார்களோ, போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டியிருக்குமோ என்பது லாட்ஜுக்காரர்களின் பயம். கோயில் ஊர்களில் இது ஊறிப்போன பழக்கம். பயம் புரிகிறது. ஆனால் நள்ளிரவில் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்துவது எந்த வகையில் பாதுகாப்பு?

அன்றிரவு ஸ்டேஷனுக்கே திரும்பினேன். வந்த டிக்கெட் கையில் இருந்தது. பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார அது போதும். கோயிலுக்கு வந்திருந்த விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பாயை விரித்து, "இங்கன படுங்கம்மா, நாங்க முழிச்சிருக்கோம்" என்று இடம் கொடுத்தது. அந்த அம்மாவின் பேத்தி என் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான். போனில் அறை கேட்கும்போதே, "நான் ஒருத்திதான் வருகிறேன், பெண், இந்த ரயிலில் இறங்குகிறேன்" என்று முதல் வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். தயங்கினார்கள் என்றால் அந்த இடமே வேண்டாம். சரி என்றவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, பேசியதை ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பிவிட வேண்டும். கோயில் தேவஸ்தான விடுதியிலும் ரயில்வே ஓய்வறையிலும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. கூடுமானவரை வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருகிற மாதிரி ரயிலைப் பார்த்துக்கொள்ளட்டும். 181 பெண்கள் உதவி எண், 139 ரயில்வே உதவி எண். இரண்டும் போனில் பதிந்திருக்க வேண்டும். இதெல்லாம் சொன்ன பிறகும் சொல்கிறேன், அவளைப் போக விடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி பேய் நகரம் என்கிறார்களே, நானும் நண்பனும் இடிந்த தேவாலயத்தில் ஒரு ராத்திரி தங்க நினைக்கிறோம். முடியுமா?
(கல்லூரி மாணவர், சென்னை)

முடியாது தம்பி. மாலையாகிவிட்டால் பார்வையாளர்களைப் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும், ஐந்து மணிக்கு மேல் உள்ளே விடவும் மாட்டார்கள். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

அங்கே பேய் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விடவில்லை. ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். அவர்கள் தாத்தா பாட்டிகளைக் கடல் அடித்துக்கொண்டுபோன ஊர் அது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி வந்து சேர்வதற்கு முன்பே கடல் எடுத்துக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் வீடு திரும்பவில்லை. 1914இலிருந்து சென்னையிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கியவர்கள் அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போய்க்கொண்டிருந்தார்கள். சுங்கம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த துறைமுக ஊர். இப்போது நீங்கள் பார்க்கும் பவளக்கல் சுவர்கள் அதன் மிச்சம். அந்தச் சுவர்களில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உப்புக்காற்று தினமும் தின்றுகொண்டிருக்கிற சுவர் அது, ஏறி நின்று படம் எடுத்தால் உதிர்ந்துவிடும்.

பகலிலேயே போங்கள். தண்ணீர் எடுக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி அங்கே கடை போட்டிருக்கும் அக்காவிடம் மரியாதையாகக் கேளுங்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வருகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையாலோ கிண்ணத்தாலோ மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே தனிப் படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், அதனால் அளவோடுதான் தோண்டுவார்கள். இதைப் பாடமாகப் பல வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். கரையில் ஒரு பெண் குழியை மூடிவிட்டு எழுந்து போவதைப் பார்த்தபோதுதான் பாடம் எனக்கே முழுதாகப் புரிந்தது. அந்தக் குழிப் பக்கம் காலைக் கழுவாதீர்கள், பாட்டிலைப் போடாதீர்கள்.

இன்னொன்று, அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது. இரண்டு கடலும் சேருகிற இடத்தில் அடியில் இழுக்கும் நீரோட்டம் மேலே தெரியாது. நீச்சல் தெரிந்த பையன்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். அங்கே வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை உங்களுக்காகத்தான்.

கேள்வி: தனுஷ்கோடியிலிருந்து திரும்ப பஸ் கிடைக்காமல் நீங்கள் சிக்கிக்கொண்டதாக எழுதியிருந்தீர்களே, எப்படித் திரும்பினீர்கள்? கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?
(வாசகர், தஞ்சாவூர்)

ஆனி மாதம், நல்ல கச்சான். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்த பிறகு போக்குவரத்து சுலபமாகிவிட்டது, உண்மைதான். அதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு நின்றுவிடும், அப்புறம் மணலில் ஜீப்போ வேனோதான். ஆனால் ரோட்டின் தென்பக்கம் கடலை ஒட்டியே போகிறது. அன்றைக்கு அலை தடுப்புக் கற்களைத் தாண்டி ரோட்டில் விழுந்தது, கூடவே மணலும் ஏறியது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, "இன்னைக்கு இனி பஸ் வராதும்மா, காத்தப் பாத்தீகளா?" என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டி ஏற்றி ராமேஸ்வரம் போன மீன் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவருக்குப் பக்கத்தில் என்னை ஏற்றிவிட்டார். டிரைவர் தம்பி காசு வாங்கவில்லை. இறங்கும்போது சேலையெல்லாம் சூடை மீன் வாடை. அந்தக் கடைக்கு இப்போது போனாலும் என்னைப் பார்த்ததும் அந்த அம்மா மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து வருவார்.

செலவு விஷயம். தீவுக்குள் பணத்தைத் தின்பது ஆட்டோதான். "அஞ்சு எடம், ஏழு எடம்" என்று மொத்தமாகப் பேசி இழுத்துக்கொண்டு போவார்கள். டவுன் பஸ்ஸில் போனால் அதில் சிறு பங்குதான் ஆகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் வரும், போகும். சில போன்கள் அக்கரை இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள். போனில் பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். பத்தும் இருபதும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டு இருக்கட்டும். மீன் வறுவலுக்கு உட்காரும் முன் எந்த மீன், துண்டா முழு மீனா, என்ன விலை என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நேரத்தில் மீன் விலை ஏறும், ஐஸ் மீனும் கலக்கும். அப்போது மீனை விட்டுவிட்டுப் பதநீரும் நுங்கும் சாப்பிடுங்கள். அதற்குச் சரியான பருவம் அது.

கேள்வி: எங்கள் பையன் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலில் ஏதோ குத்திவிட்டது. மண்ணை வைத்துத் தேய்த்துவிட்டோம். அது சரியா?
(வாசகி, காரைக்குடி)

தேய்க்கக் கூடாது. குத்துக் காயம் என்றால் பெரும்பாலும் திருக்கையாக இருக்கும். மணலுக்குள் தட்டையாகப் படுத்திருக்கும், மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் வலி இறங்கும். தோல் வெந்துவிடாத சூடாக இருக்க வேண்டும். முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆகவே டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இனி தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடக்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டுத் திருக்கை விலகிவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

சாட்டையடி மாதிரி தடித்து எரிந்தால் அது சொறி, அதாவது ஜெல்லி மீன். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையால் வழித்தெடுங்கள். மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், உடனே 108.

கேள்வி: 22 தீர்த்தம் ஆட வேண்டும். தனியாக வந்தால் பை, போன், மாற்றுத்துணி எல்லாம் யாரிடம் கொடுப்பது?
(வாசகர், சேலம்)

போனைக் கோயிலுக்குள் கொண்டுபோகவே முடியாது. அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு, பணத்தை மட்டும் ஈரம் புகாத சிறு உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணியை வெளியே காசு கொடுத்துப் பாதுகாப்பு அறையில் வையுங்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு உள்ளே போனால் ஒவ்வொரு கிணற்றிலும் வாளியோடு ஆள் நிற்பார். தளம் முழுக்க ஈரம், கல் வழுக்கும். வேகமாக ஓடுகிற கூட்டத்தோடு ஓடாதீர்கள். ஈரத்தோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், துணி மாற்றிவிட்டுத்தான் தரிசனம். முடிந்ததும் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு சுற்று மெதுவாக நடந்துவாருங்கள். 1212 தூண்கள் என்று கணக்கு. சேதுபதி மன்னர்கள் கட்டி எழுப்பியது. தனியாக வந்தால் யாரும் உங்களை அவசரப்படுத்தப் போவதில்லை.

கேள்வி: இத்தனை அலைச்சலில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது டீச்சர்?
(வாசகி, புதுச்சேரி)

பாம்பன். எல்லோரும் பாலத்தைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்துவார்கள், அது ஆபத்து, தடையும் இருக்கிறது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள். பழையது இரண்டு கையாகப் பிரிந்து தூக்கியது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் வரை மேலே போகிறது. காற்று அளவு மீறினால் இன்றும் ரயில் நிற்கும். மதுரையிலிருந்து பாசஞ்சரில் ஜன்னல் சீட்டில் வாருங்கள். மண்டபம் தாண்டியதும் கதவுப் பக்கம் போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். சில ரூபாய் டிக்கெட்டில் இந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு கடல் கிடைக்காது.

ஆனால் நான் பாம்பன் என்றது பாலத்துக்காக மட்டும் இல்லை. ஊருக்குள் இறங்கி சின்னப்பாலம் பக்கம் போனால் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிளம்புவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். மீன் முட்டையிடும் காலத்தில் அவர்களாகவே நிறுத்திக்கொள்வதும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, பாட்டி காலத்திலிருந்து போன கடலுக்கே இவர்கள் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாறையை விரல் நுனியால் அறிந்த பெண்களைக் கேட்காமல் எப்படிக் காப்பாற்றுவது? என் வகுப்பில் படித்த பிள்ளைகள் இன்று அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். "டீச்சர், இன்னைக்கு ஓட்டம் ஜாஸ்தி, வடக்க போய் ஒக்காருங்க" என்று அவர்கள் சொன்னால் நான் எழுந்து வடக்கே போய்விடுவேன். ஈர உடையோடு கரையேறும் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, காற்று இல்லாத நாளில். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய இடமும் அந்தக் குந்துகால்தான். தீவை விட்டு வெளியே வர மனமிருந்தால் தேவிபட்டினம் தாண்டிக் காரங்காடு போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்க் கடலைத் தொட்டுத் திரும்பலாம். தனி ஆள் என்றால் அடுத்த குழு வரும்வரை காத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள், செலவு பங்காகிவிடும்.

கேள்வி: ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குப் படகு உண்டா? கச்சத்தீவு போகலாமா?
(வாசகர், மதுரை)

தலைமன்னார்க் கப்பல் 1980களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கச்சத்தீவுக்கு அந்தோணியார் கோயில் திருவிழாவின்போது மட்டும், பிப்ரவரி மார்ச் வாக்கில், முன்கூட்டியே பெயர் பதிந்தவர்களைப் படகில் அழைத்துப்போவார்கள். மற்ற நாள்களில் யாராவது கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் ஏறாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்? கையில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.
(வாசகி, கோவை)

வெள்ளையாகப் பூப்போல இருக்கிறதே என்று பவளப்பாறைத் துண்டை மட்டும் வாங்காதீர்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம். சில வகைச் சங்குகளுக்கும் தடை உண்டு, கடல் அட்டைக்கு முழுத் தடை. பனையோலைக் கொட்டான் ஒன்று வாங்கி, அதில் கருப்பட்டி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தை மாதம் என்றால் பனங்கிழங்கும் ஒரு கட்டு. ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போது முண்டு மிளகாய் கால் கிலோ கேளுங்கள். குண்டாக, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும், காம்பைக் கிள்ளினால் நெடி ஏற வேண்டும். போன வருஷத்து மிளகாய் நிறம் மங்கியிருக்கும், அதை எடுத்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.